கூடுதலாக இரண்டு பை

ரத்த வங்கியின் பின்னறையில் நின்ற அந்த இயந்திரம் பார்வைக்கு ஒரு பீரோ அளவுதான் இருக்கும். உள்ளே முழுக்க ஈயம். ரெண்டு டன். தரையிலிருந்து ஒரு விரல் அளவு கிளப்புவதற்குள் ஜாக்கி முனகிவிடும். கனத்த சாமான்களை இடம் மாற்றும் கூலிக் கோஷ்டியில் சங்கிலி மாட்டுகிறவன் கொக்கி. அந்தப் பெயரே அதனால்தான் ஒட்டிக்கொண்டது. பாய்லர், லிஃப்ட் மோட்டார், பேங்க் லாக்கர் என்று எத்தனையோ மாட்டித் தூக்கியிருக்கிறான். தூக்கிவைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவான். அது யாருக்கு, எதற்கு என்று கேட்டதில்லை. இந்த ஒரு பெட்டிதான் அவன் வீட்டு விஷயமாக வந்து நின்றது.

அவன் தங்கையின் புருஷன் அதே ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியில் கிடந்தான். டவுன் பஸ் கண்டக்டர். ரத்தத்தில் புற்று. கூடப் பிறந்த அண்ணனிடமிருந்து எலும்பு மஜ்ஜை எடுத்து இவனுக்கு ஏற்றியிருந்தார்கள். அது வேர் பிடிக்கும்வரை ஊரார் ரத்தத்தில்தான் உயிர் ஓடவேண்டும். அந்த ரத்தத்தையும் அப்படியே ஏற்றக்கூடாது. பின்னறை இயந்திரத்துக்குள் சில நிமிஷம் வைத்துக் கதிர் காட்டி எடுத்த பிறகுதான் ஏற்றலாம். இல்லாவிட்டால், கொடுத்தவருடைய அணுக்கள் புகுந்த வீட்டையே அடித்து நொறுக்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த இயந்திரத்தை எடுக்கத்தான் கோஷ்டியைக் கூப்பிட்டார்கள். அரசாங்கத்தின் அணுப் பாதுகாப்புத் துறையிலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்திருந்தார். கோஷ்டி முழுவதையும் ஒரு அறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"இதுக்குள்ள உப்பு மாதிரி ஒரு பொடி இருக்கு. இங்க இருக்கிற வரைக்கும் அது உயிரைக் காப்பாத்துது. திருடன் கையில கிடைச்சா, ஒரு சாதாரண வெடியோட சேர்த்துக் கடைத்தெருவுல வெடிச்சாப் போதும். அந்தத் தெருவுல உங்க பேரப்பிள்ளைங்க கூடக் குடியிருக்க முடியாது. அதனாலதான் ஒவ்வொரு ஆஸ்பத்திரியா போய் இதை எடுத்து பத்திரமான இடத்துல பூட்டி வைக்கிறோம். பதிலுக்கு கரண்ட்ல ஓடுற எக்ஸ்ரே மெஷின் தர்றோம். சுவிட்சை அணைச்சா அது வெறும் இரும்பு. அதை எவன் திருடினாலும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போடணும்."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "எப்பம்மா தூக்கணும்?"

"வெள்ளிக்கிழமை இது வெளிய போகுது. திங்கக்கிழமை புதுசு உள்ள வருது. இந்த வெள்ளிக்கிழமைங்கிற வார்த்தை இந்தக் கதவைத் தாண்டக் கூடாது. இந்த மாதிரிப் பெட்டியைத் திருடணும்னா, ரோட்டுல போறப்பதான் திருட முடியும். பொண்டாட்டிகிட்ட கூடச் சொல்லக்கூடாது."

"பொண்டாட்டிகிட்ட பேசறதுக்கு எங்களுக்கு எங்கம்மா வாய் கிடைக்குது? அவங்க பேசி முடிச்சாத்தானே" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள்.

கொக்கி சிரிக்கவில்லை. "நடுவுல அந்த ரத்தம் ஏத்திக்கிறவங்க என்ன பண்ணுவாங்கம்மா?"

"நடுவுல ரெண்டு மூணு நாள்தான். அதுக்கு வேண்டியதை முன்னாடியே தயார் பண்ணி வச்சிடுவாங்க."

சரியான காரியம்தான் என்று அவனுக்குப் பட்டது. அந்தம்மா சொன்ன கடைத்தெருவை அவன் நினைத்துப் பார்த்தான். அவன் தினம் டீ குடிக்கிற கடைத்தெருவாகவே அது தெரிந்தது.

அன்று மாலை வாய்க்கு முகமூடி கட்டிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனான். கண்டக்டர் தலையணையில் சாய்ந்திருந்தான். தலையில், புருவத்தில், எங்கும் ஒரு முடி இல்லை. ஈறில் ரத்தம் கசிந்து உதடு கருத்திருந்தது.

"வாங்க மச்சான், வாங்க. உள்ள இடம் இருக்கு. படியில நிக்காதீங்க."

"வாயை மூடிக்கிட்டுப் படுங்க மாப்ள. ஈறு கசியுதாமே."

"எல்லாரும் வாயைத் திறந்து டிக்கெட் கேக்கச் சொன்னாங்க, இத்தனை வருஷம். இப்ப மூடச் சொல்றாங்க." நர்ஸ் உள்ளே வருவதைப் பார்த்து, "செக்கிங் வந்தாச்சு, எல்லாரும் டிக்கெட்டை எடுத்துக் கையில வச்சுக்குங்க" என்றான். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு காய்ச்சல் பார்த்தாள்.

வெளியே நடையில் தங்கை அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, தினம் ஒரு மஞ்சப் பை போகுது. நேத்து ரெண்டு. தட்டணுவாம், அது நின்னா எங்க வேணும்னாலும் ரத்தம் கசியுமாம். சிவப்பு ரத்தம் மாதிரி அதை எடுத்து வைக்கவும் முடியாதாம், அஞ்சாறு நாள்ல கெட்டுப் போயிடுமாம். ஒருநாள் பை வரலைன்னா என்ன பண்றதுன்னு நெனச்சா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."

கொக்கி சுவரைப் பார்த்தான். கல்லையும் இரும்பையும் தாங்கிப் பழகிய உடம்புதான். இந்தச் சின்ன வார்த்தையைத் தாங்கத் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி கூடுதலா ரெண்டு பை கேட்டு வாங்கி வச்சுக்கோ" என்றான்.

"ஏன்? வெள்ளிக்கிழமை என்ன?"

"ஏன்னு கேக்காதே."

அவள் கேட்டாள். அவன் சொன்னான். சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றான். அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

யாரிடமும் சொல்லாமல் எப்படிக் கேட்டு வாங்குவது என்பதை அண்ணனும் யோசிக்கவில்லை, தங்கையும் யோசிக்கவில்லை.

மறுநாள் அவள் ரத்த வங்கிக்காரரிடம் போனாள். பை தயார் செய்பவர் அவர்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுகிற சாதுவான மனிதர். கூடுதல் பையெல்லாம் டாக்டர் எழுதினால்தான் என்று சொல்லிப் பார்த்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை மெஷினைத் தூக்கிடப் போறாங்களாமே சார். அதுக்கு முன்னாடி இவருக்குன்னு ரெண்டே ரெண்டு பை. உங்க கூடப் பொறந்தவளா நெனச்சுக்குங்க."

அவர் வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே போய் இரண்டு பையை இயந்திரத்தில் வைத்து எடுத்து, கண்டக்டர் பெயரை ஒட்டி வைத்தார்.

புதன்கிழமை நிபுணர்கள் வந்தார்கள். வழியில் ஆடாமல் இருக்க, இயந்திரத்தின் உள்ளே இருக்கும் உருளையை இறுக்கி, முத்திரை வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். அதன்பின் அது ரத்தத்துக்கு உதவாது.

வியாழக்கிழமை காலை கோஷ்டி சங்கிலி, உருளைக் கட்டை எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி வேகமாக வந்தார்.

"கட்டுங்கடா மூட்டையை. வேலை நின்னு போச்சு."

"என்னங்க ஆச்சு?" என்றான் கொக்கி.

"எவனோ வாயை விட்டிருக்கான். மேல வார்டுலேர்ந்து ஒரு பொம்பளை வந்து, வெள்ளிக்கிழமை மெஷின் போகுதாமேன்னு ரத்த வங்கியில கேட்டிருக்கு. அந்த மனுஷன் ரெண்டு ராத்திரி தூங்காம, கடைசியில மேலிடத்துல சொல்லிட்டாரு. சொல்லாம இருந்தா அவரு வேலை போயிடும்ல. இனி தேதி, வழி, போலீஸ் எல்லாம் புதுசா போடணுமாம்."

கொக்கியின் கையில் இருந்த சங்கிலி தரையில் சரிந்தது. சுற்றி நின்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்காமல் நேரே அதிகாரியம்மாவிடம் போனான்.

"அம்மா, வாயை விட்டது நான்தான்."

அவர் நிமிர்ந்தார். "யார்கிட்ட?"

"என் தங்கச்சிகிட்ட. அவ புருஷன்தான் மூணாவது மாடியில கிடக்கிறான். அவ திருட்டுக் கும்பல் இல்லைம்மா, அழுதுகிட்டிருக்கிற பொம்பளை. நாளைக்கே எடுத்துடுங்க. என்னை வேணும்னா புடிச்சு உள்ள போடுங்க."

"உங்களை நம்புறேன்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "ஆனா நான் நம்புறதை வச்சு அந்த லாரி கிளம்ப முடியாது. அவங்க கேட்டப்போ பக்கத்துல யார் நின்னாங்க, அவங்க வேற யார்கிட்ட சொன்னாங்க, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"அப்ப பூட்டைத் திறந்து விடுங்க. போற வரைக்கும் ஓடட்டும்."

"பூட்டினவங்க போயிட்டாங்க. திரும்ப வரவும் அனுமதி வாங்கணும்."

"புதுசுதான் வந்து முற்றத்துல நிக்குதேம்மா!"

"அதைத் தாங்குற தரை பழசு நிக்கிற அந்த ஒரு அறையிலதானே இருக்கு."

அது அவனுக்கே தெரியும். மற்ற அறைகளின் தரையைத் தட்டிப் பார்த்து, தாங்காது என்று சொன்னதே மேஸ்திரியும் அவனும்தான்.

"எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு வாரம். அதுவே குறைச்சுச் சொல்றேன்." அவர் கையை நீட்டி அவனுடைய நுழைவுச் சீட்டை வாங்கிக்கொண்டார். "வெளியூர் ஆஸ்பத்திரியிலேர்ந்து பை வரவழைக்க நானே பேசுறேன். தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

சொன்னபடி பேசினார். பை வந்தது. ஆனால் அந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் ஆட்கள் கிடக்கிறார்கள் அல்லவா. ஒருநாள் வந்தது, ஒருநாள் நாளை என்றார்கள். கொக்கி வேலை இல்லாமல் தினம் ஆஸ்பத்திரிக்கே வந்தான். முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திய புது இயந்திரம். உள்ளே பூட்டிய பழைய இயந்திரம், வாசலில் துப்பாக்கியோடு இரண்டு பேர். ஒன்றுக்கும் உதவாத இரண்டுக்கும் நடுவில் நடந்து அவன் மாடி ஏறுவான்.

தாமதத்துக்குக் காரணம் தங்கைக்குத் தெரியாது. அரசாங்க வேலை என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். கூடுதலாக வாங்கிய இரண்டு பையும் ஞாயிற்றுக்கிழமை ஏறின. அன்று கண்டக்டர் எழுந்து உட்கார்ந்து, தன் பழைய வழித்தடத்தின் ஸ்டாப்புகளை வார்டே கேட்கும்படி வரிசையாகச் சொன்னான். மார்க்கெட், கோர்ட்டு, மணிக்கூண்டு, பாலம். அடுத்த கட்டில்காரர் ஒருவர், "பாலத்துல ஒண்ணு இறங்கணும்" என்றார். "முன்னாடியே எந்திரிச்சு நிக்கணும் பெரியவரே, பஸ் நிக்காது" என்றான். மச்சானைப் பார்த்ததும், "ரெண்டு டன் லக்கேஜை எப்ப ஏத்தப் போறீங்க? சார்ஜ் தனி" என்றான்.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் மூக்கில் வடிந்தது நிற்கவில்லை. முந்தின நாள் பை வந்திருக்கவில்லை. மதியத்துக்குள் வேன் வந்துவிடும் என்றார்கள். டாக்டர் தங்கையை அழைத்துச் சொன்னார். "கதிர் காட்டாத பை இங்கேயே இருக்கு. ஏத்தலாம். ஆனா அது இவர் உடம்பை எதிர்த்துக் கிளம்பிடுச்சுன்னா எங்ககிட்ட மருந்து இல்லை. மதியம் வரைக்கும் தாங்கினா நல்லது." காத்திருக்கலாம் என்று அவள் தலையாட்டினாள்.

கொக்கி கீழே கேட்டில் நின்றான். வந்த ஒவ்வொரு வண்டியும் வேறு எதற்கோ வந்தது. போன் அடித்தது.

"அண்ணா, தலை வலிக்குதுன்னார். இப்ப கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறார். இங்க இருக்கிற பையையே ஏத்துறாங்க."

வேன் வந்தபோது டிரைவர் இறங்குமுன் அவனே பின்கதவைத் திறந்து பெட்டியை எடுத்தான். அவன் வாழ்நாளில் அவ்வளவு லேசான பெட்டியைத் தூக்கியதில்லை. மூன்று மாடியும் ஓடினான். வார்டு வாசலில் நர்ஸ் பெட்டியை வாங்கினாள். வாங்கி, திறக்காமல், மேசைமேல் வைத்தாள். உள்ளேயிருந்து தங்கையின் குரல் கேட்டது.

காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபிறகு, தங்கை ஒருநாள் அவனிடம் கேட்டாள்.

"அண்ணா, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா? அந்த ரத்த வங்கிக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன வார்த்தை?"

"அந்த ஞாயித்துக்கிழமை அவர் உக்காந்து பேசினாரே. அந்த ரெண்டு பை இல்லேன்னா எனக்கு அந்த நாளும் கிடைச்சிருக்காது. நீ சொன்ன, அவர் கொடுத்தார். வேற யாரு இதைச் செய்வா?"

இப்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவளிடமிருந்து போய்விடும். "இன்னொரு நாள் போலாம்மா" என்றான். அவள் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

பின்னறையில் புது இயந்திரம் நின்றது. ரத்த வங்கிக்காரர் அதற்குள் பை வைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். பின்னால் நின்ற கொக்கியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. வாயை விட்டது இவன்தான் என்பது மேஸ்திரி மூலம் அவருக்கும் எட்டியிருக்க வேண்டும்.

"உங்களை மறக்க மாட்டேன் சார்" என்று அவள் கும்பிட்டாள்.

"நான் ஒண்ணும் செய்யலைம்மா. கும்பிடாதீங்க." அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணியைத் தேடினார், கிடைக்கவில்லை.

"அண்ணனுக்கும்தான் சொல்லணும். ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சீங்க."

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். அவள் புது இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

"இது ஓடுதா இப்ப?"

"முந்தாநாள்லேர்ந்து ஓடுதும்மா."

"மேல அந்தப் பாலத்துப் பெரியவர் இருக்காரே, அவருக்கு?"

"இது அவருக்குத்தான்" என்றார் அவர்.

அவள் கொஞ்சநேரம் நின்று, பை வெளியே வருகிறவரை பார்த்தாள். வந்ததும், சூடாக இருக்குமோ என்பதுபோல விரல் நுனியால் தொட்டாள். "சீக்கிரம் கொண்டு போங்க சார், லேட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

ரத்த வங்கிக்காரர் பையைத் தட்டில் வைத்தார். கொக்கி தட்டை வாங்கிக்கொண்டான். இருவரும் மாடிப்படி ஏறினார்கள்.