கத்தி படாத புழு

எட்டு வந்தது. கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். எட்டுதான். அடுத்த புழுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன், அதிலும் எட்டு. அடையாற்று உடைந்த பாலத்தின் தூண்களிலிருந்து மாணவிகள் கொண்டுவந்திருந்த இருபத்திரண்டு விசிறிப் புழுக்களையும் மதியம் மூன்று மணிக்குள் பார்த்து முடித்துவிட்டேன். ஒன்றிலாவது ஐந்து வந்துவிடாதா என்று நேர்ந்துகொள்ளாத குறை. வரவில்லை.

விசிறிப் புழுவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முகத்துவாரத்தில் சேற்றையும் தன் உடம்பிலிருந்து ஊறும் பசையையும் குழைத்து விரல் நீளத்துக்கு ஒரு குழாய் கட்டிக்கொண்டு உள்ளே கிடக்கும். தலைப்பக்கம் மட்டும் இறகுக் கொத்தாக வெளியே விரிந்திருக்கும். மூச்சு விடுவதும் இரை பிடிப்பதும் அதனால்தான். அழகு பார்க்க அந்தக் கொத்து போதும், இனம் பிரிக்கப் போதாது. அதற்கு உடம்பை எண்ண வேண்டும். கழுத்துப் பட்டைக்குக் கீழே மார்பு வளையங்கள். ஒவ்வொன்றிலும் மேலே முள்மயிர், கீழே கொக்கி. வயிறு தொடங்கும் இடத்தில் இது தலைகீழாகிவிடும், கொக்கி மேலே, மயிர் கீழே. அந்த இடம் வரைக்கும் எத்தனை வளையம் என்பதுதான் கேள்வி. இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த பழைய இனத்துக்கு எட்டு. நான்கு வருடங்களுக்கு முன்பு புது இனம் என்று நான் அறிவித்ததற்கு ஐந்து. அதற்கு நான் வைத்த பெயர் மண்ணாங்கட்டியுடையது.

மண்ணாங்கட்டி அந்தத் தூண்களில் சிப்பி சுரண்டி விற்றுக்கொண்டிருந்தவர். குடிசை ஆற்றோரத்திலேயே இருந்தது. அவருக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகளும் தங்கவில்லை. நான்காவதாவது எமன் கண்ணில் படக்கூடாதென்று அவருடைய அம்மா வைத்த பெயர். படவில்லைதான். ஆனால் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் வரிசையே திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கிறது. எனக்காகத் தண்ணீரில் இறங்கி, தட்டையாக அடித்துக் கூர் தீட்டிய கத்தியால் புழுக்களைக் குழாயோடு பெயர்த்துக் கொடுத்தவர் அவர்தான். சேகரித்தவரின் பெயரை இனத்துக்கு வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அவர் பெயரோடு ஒரு லத்தீன் வால் சேர்த்தேன். கட்டுரை அச்சானதும் முதல் பக்கத்தை லேமினேட் செய்து கொடுத்தேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர், தன் பெயர் எங்கே இருக்கிறதென்று காட்டச் சொல்லி அதன்மேல் விரலை வைத்தார். பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரமும் விரலை எடுக்கவில்லை.

அடுத்த வருடம் குடிசைகளை அகற்றி அவர்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு தூண்களைச் சுரண்ட ஆளில்லை. சுரண்ட ஆளில்லாத தூணில் இப்போது எல்லாப் புழுவுக்கும் எட்டு வளையம். அப்படியானால் அந்த ஐந்து கத்தியின் வேலையா? கல்லூரித் தொட்டியில் மூன்று புழுக்களை நானே அறுத்துவிட்டுக் காத்திருந்தேன். ஆறு வாரம் கழித்து, மிச்சமிருந்த வயிற்றிலிருந்து மூன்றுக்கும் புதுத் தலை வந்திருந்தது. வயிற்று வளையங்களில் முன்னால் இருந்தவை மார்பாக மாறியிருந்தன. எண்ணினேன். ஐந்து, ஐந்து, ஆறு. புது இனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர் கத்தியில் அறுபட்டுப் பிழைத்த பழைய புழு, அவ்வளவுதான்.

தப்பு எல்லாருக்கும் நடப்பதுதான், ஒரு திருத்தக் கட்டுரை எழுதினால் தீர்ந்தது. எழுதியும்விட்டேன். உறுத்துவது வேறு. அன்று பாலத்தடியில் வாளியை என் முன்னால் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "இத்தெல்லாம் நம்ம கத்தி பட்டதும்மா. தல அறுந்தாலும் மறுக்கா மொளச்சிக்கும். அடியில கத்தி படாதது கீது, முங்கி எடுத்தாரட்டா?"

போதும் என்றேன். புரியாமல் சொல்லவில்லை. நன்றாகவே புரிந்தது. இணைப்பேராசிரியர் நேர்காணலுக்கு ஆறு மாதம் இருந்தது, அதற்குள் ஒரு புது இனம் அச்சில் வந்துவிட வேண்டும் என்று இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். பதவி கிடைத்தது. இப்போது திருத்தக் கட்டுரையில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறேன்: புழுக்கள் அறுபட்டு வளர்ந்தவையாக இருக்கலாம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

இன்னும் அச்சுக்கு அனுப்பாத அந்தக் கட்டுரையைப் பையில் வைத்துக்கொண்டுதான் அவரைப் பார்க்கப் போனேன். கோட்டூர்புரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இப்போது வாட்ச்மேன். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் மணி என்று இருந்தது. செக்ரட்டரிக்கு அசல் பெயர் சரிப்படவில்லையாம். பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, முதலில் வருகிறவர்கள் நோட்டில் எழுதிவிடச் சொன்னார், கேமரா இருக்கிறதாம். என் பெயர், ஜெயபாரதி, போன் நம்பர். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

"நம்ம புழு எப்டி கீதும்மா?" என்றார்.

எட்டையும் ஐந்தையும் சொன்னேன். தொட்டியில் அறுத்துப் பார்த்ததைச் சொன்னேன். அது தனி இனமே இல்லை என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நோட்டுக்கு அடியிலிருந்து அந்த லேமினேட் பக்கத்தை உருவினார். ஓரம் பிரிந்து மஞ்சளாகியிருந்தது. பெயர் போய்விடுமா என்று கேட்டார். ஒருமுறை வைத்த பெயரை யாரும் அழிப்பதில்லை, பழைய இனத்தின் பெயருக்குக் கீழே ஒரு வரியாக இருக்கும் என்றேன். உண்மைதான். ஆனாலும் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

லேமினேட் பக்கத்தை மறுபடி நோட்டுக்கு அடியில் செருகினார். பிறகு, தன் ஞாபகத்தின்மேலேயே சந்தேகப்பட்டவர்போல மெதுவாகக் கேட்டார்: "நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல?"

மறந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

"சொன்னீங்கண்ணா. காதுல விழுந்துச்சு. வேணும்னுதான் விட்டுட்டேன்."

தலையை ஆட்டிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"தல மொளைக்கும்னு சொன்னது யார்னு புது பேப்பர்ல எழுதுவியாம்மா?"

வாயைத் திறப்பதற்குள் வெளியே கார் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் கேட்டைத் திறந்து சலாம் வைத்தார். யார் சொன்னது என்று எழுதினால் எப்போது சொன்னார் என்றும் எழுத வேண்டும். எழுதினால் துறைத் தலைவர் படிப்பார், அன்று என்னைத் தேர்வு செய்த குழுவும் படிக்கும். எழுதாவிட்டால் அந்த 'தெரியாது' அப்படியே அச்சாகும். கேட்டைச் சாத்திவிட்டு வந்தவர் மறுபடி கேட்கவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"டைம் போட்டுட்டு போம்மா. அந்தக் கட்டம் காலியா கீது பாரு."

நேரம் போட்டேன். 'யாரைப் பார்க்க' என்பதற்குக் கீழே மண்ணாங்கட்டி என்று முழுசாக எழுதினேன். எழுத ஒரு நொடி ஆகவில்லை. பைக்குள் இருந்த தாளை எடுக்கத்தான் கை போகவில்லை.

அவர் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பேனா மை காயாத அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தார். கேட்டுக்கு வெளியே இன்னொரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. அவர் விரலை எடுக்கவில்லை.