நீலக் கட்டத்தில் நின்ற வண்டி

மேனாம்பேட்டில் அரவிந்தன் குடியிருந்த அடுக்குமாடியில் மின்சாரக் கார் முதலில் வாங்கியவன் அவன்தான். கரூர்க்காரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கார் வந்த கையோடு குடியிருப்போர் சங்கத்தில் நான்கு மாதம் மல்லுக்கட்டி, லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சார்ஜிங் பிளக் போட வைத்தான். அதன் எதிரே தரையில் பச்சைப் பெயின்ட்டில் ஒரு கட்டம். பிறகு இன்னும் மூன்று பேர் அந்த மாதிரி வண்டி வாங்கினார்கள். சார்ஜ் ஏறியதும் எத்தனை நிமிடத்தில் வண்டியை எடுக்க வேண்டும், அடுத்தவர் பிளக்கில் கை வைக்கக் கூடாது என்றெல்லாம் தட்டச்சு செய்து, லேமினேட் போட்டுச் சுவரில் ஒட்டியதும் அவன்தான்.

பச்சைக் கட்டத்தை ஒட்டி லிஃப்டுக்கு ஏறும் சாய்தளம். அதற்கு அந்தப் பக்கம் நீலக் கட்டம். தரையில் சக்கர நாற்காலிப் படம் போட்டிருக்கும். கட்டடம் கட்டியவர்கள் அனுமதி வாங்குவதற்காக வரைந்துவிட்டுப் போனது. மூன்று வருடமாக யாரும் அதில் வண்டி நிறுத்தியதில்லை.

பச்சைக் கட்டத்தில் ஒரு தூண் இடைஞ்சலாக நின்றது. ஒருமுறை கதவைத் திறக்கும்போது அதில் பட்டுக் கீறல் விழுந்தது. அன்றிலிருந்து அரவிந்தன் வண்டியை நீலக் கட்டத்தில் விட்டுவிட்டு, கேபிளைச் சாய்தளத்தின் குறுக்கே இழுத்துப் போட ஆரம்பித்தான். அகலமான இடம், சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்தான். நாளடைவில் சார்ஜ் போடாத நாட்களிலும் வண்டி அங்கேயே நின்றது. அவனுக்கென்று ஒதுக்கிய இடம் பின்னால் மோட்டார் ரூம் பக்கம் இருந்தது. மழை பெய்தால் அங்கே கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு நாளாக விட்டு விட்டு மழை. மறுநாள் காலை அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குக் கரூர் போக வேண்டியிருந்ததால், அரவிந்தன் மதியமே சார்ஜ் போட்டுவிட்டு வீட்டிலிருந்தபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மாலை ஆறரை இருக்கும். சார்ஜிங் நின்றுவிட்டது, முப்பத்தெட்டு சதவீதம் என்று போனில் செய்தி வந்தது.

கீழே ஓடினான். பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டிருந்தது. கேபிளை யாரோ அழகாகச் சுருட்டி அவன் வண்டியின் மேல் வைத்திருந்தார்கள். பச்சைக் கட்டத்தில் ஒரு ஸ்கூட்டர், மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது.

கேட்டில் தண்ணீர் லாரியை உள்ளே விட்டுக்கொண்டிருந்த வாட்ச்மேன் தங்கராஜை அங்கிருந்தே சத்தம் போட்டுக் கூப்பிட்டான். தங்கராஜுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நெமிலிச்சேரியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர்.

"யாரு இதப் புடுங்கினது?"

"நான்தான் சார். அந்தம்மா வர்றப்போ ஒயரு குறுக்க…"

"போர்டுல என்ன எழுதியிருக்கு? படிக்கத் தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும் சார். அவங்க ஏறிப் போனதும் சொருவலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள லாரி வந்துகினு…"

"சார்ஜ் போடற எடத்துல எவனோ ஸ்கூட்டர நிறுத்துவான், நீ அவனுக்காக என் வண்டியப் புடுங்கி விடுவியா? உன்ன யாருய்யா இங்க வேலைக்கு வச்சது?"

லாரி டிரைவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். தங்கராஜ் சாய்தளத்தருகே வந்தார். குனிந்து கேபிளை எடுத்து மறுபடி செருகினார்.

அரவிந்தனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நாலடி பின்னால் போய், ஸ்கூட்டரும் பச்சைக் கட்டமும் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்தான். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுப்பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அதில் போட்டு, கீழே எழுதினான்: "சார்ஜிங் இடத்தில் ஸ்கூட்டர். அடுத்தவர் பிளக்கை வாட்ச்மேனை விட்டே பிடுங்கச் சொல்கிறார்கள். படித்தவர்கள் வாழும் இடமா இது?" லிஃப்டில் ஏறும்போதே சங்கச் செயலாளர் சுப்பராயனுக்கும் போன் செய்து, இந்த வாட்ச்மேன் சரிப்பட மாட்டான், ஏஜென்சியிடம் சொல்லுங்கள் என்றான்.

மேலே வந்து பார்த்தபோது பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். சற்று நேரத்தில் அது ஏழானது. பிறகு நான்கு. குழுவில் ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல்கிற குழு அது.

ஏழு மணிக்கு அவன் மனைவி நிஷா ஆபீசிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை அவனிடம் நீட்டினாள்.

"இந்த ஸ்கூட்டர நல்லாப் பாத்தீங்களா?"

"என்ன பாக்கறது?"

"பின்னாடி பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு சக்கரம் கூடுதலா இருக்கு. ஊன்றுகோல் மாட்ட கொக்கி வச்சிருக்கு." படத்தை விரலால் பெரிதாக்கி ஓரத்துக்கு நகர்த்தினாள். "இது நம்ம வண்டி. அதுக்கு முன்னாடி தரையில என்ன படம் போட்டிருக்குன்னு பாருங்க."

அவன் பார்த்தான். சக்கர நாற்காலியின் பாதி அவன் வண்டிக்கு அடியில் இருந்தது. மீதிப் பாதி வெளியே, மழை ஈரத்தில் பளிச்சென்று தெரிந்தது. வண்டி எண்ணும் தெளிவாக விழுந்திருந்தது. எல்லோரும் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பதிவை அழித்தான். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி அவன் பெயருக்குக் கீழே நின்றது. அதை அழிக்க வழியில்லை.

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. போன வியாழக்கிழமை தங்கராஜ் வண்டியருகே வந்து, "சார், ரெண்டாவது மாடிக்குப் புச்சா ஒரு அம்மா வந்துகீறாங்க, அவங்களுக்கு…" என்று ஆரம்பித்தார். இவன் காதில் ஆபீஸ் கால். கையை உயர்த்தி, அப்புறம் என்று காட்டிவிட்டுப் போய்விட்டான். அப்புறம் அவனும் கேட்கவில்லை.

"போய்ப் பேசிட்டு வாங்க" என்றாள் நிஷா.

முதலில் வண்டியை எடுத்துக் கொண்டுபோய் மோட்டார் ரூம் பக்கம் அவனுடைய இடத்தில் விட்டான். இறங்கியதும் பேன்ட் முட்டிக்குக் கீழே நனைந்தது. அந்தக் கோலத்திலேயே இரண்டாவது மாடிக்குப் போய் அழைப்பு மணியை அழுத்தினான்.

வயதான ஒரு அம்மா கதவைத் திறந்தார். மூன்றாம் மாடி, அந்த வெள்ளைக் கார் என்று அவன் சொன்னதும் அவர் முகம் மாறியது. கோபமாக இல்லை, கனிவாக மாறியது.

"உள்ள வாங்க தம்பி. உங்க வீட்ல அவங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?"

அவனுக்குப் புரியவில்லை. கூடத்தில் இன்னும் பிரிக்காத அட்டைப் பெட்டிகள். அவற்றுக்கு நடுவே நாற்காலியில் அவர் மகள் சபீனா உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். பக்கத்தில் இரண்டு ஊன்றுகோல்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. வங்கி வேலை, ராணிப்பேட்டையிலிருந்து ஆவடிக் கிளைக்கு மாற்றல் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள்.

"நீலக் கட்டத்துல எப்பவும் உங்க வண்டி நிக்குதுல்ல. வீட்ல யாருக்கோ நடக்க முடியாது போலன்னு நாங்களே நினைச்சுக்கிட்டோம்" என்றாள். "அதான் கேக்கல. வாட்ச்மேன் அண்ணன் கேக்கறேன்னார். நான்தான் வேணாம், பாவம் அவங்களுக்கு என்ன கஷ்டமோன்னு சொல்லிட்டேன். எட்டு நாளா பின்னாடி மோட்டார் ரூம்கிட்ட நிறுத்திட்டு நடந்து வந்தேன். இன்னிக்குத் தண்ணியில கோல் வழுக்கிடும்னு பயமா இருந்தது. உங்க ஒயரையும் தாண்ட முடியல. தப்பா எடுத்துக்காதீங்க."

"அஞ்சு வேளைத் தொழுகையிலயும் அவங்கள துவாவுல சேத்துக்கறேன் தம்பி" என்றார் அந்த அம்மா. "யாரு, உங்க அம்மாவா?"

அந்த இடத்தில் அவன் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வந்திருந்தான். ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஆமாங்கம்மா. முட்டியில பிரச்சனை. இப்பப் பரவாயில்ல. இனிமே வண்டிய அங்க நிறுத்த வேண்டியிருக்காது. அதச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

"அல்லா நல்லா வைப்பான்" என்றார் அவர். தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். அவன் குடித்தான். சபீனா கையிலிருந்த போனை ஒருமுறை பார்த்தாள், பிறகு அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அவன் குடித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?" என்று மேலே வந்தவனிடம் கேட்டாள் நிஷா.

"சொல்லிட்டேன்" என்றான்.

மறுநாள், வழியில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கரூர் போனான். அங்கே அம்மா அக்கா வீட்டு மாடிப்படியில் மூன்று தரம் ஏறி இறங்கினாள். புது வீட்டை வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் சுற்றிக் காட்டினாள். ஒவ்வொரு தடவையும் அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். "ஏன்டா, வண்டி ஓட்டினது அலுப்பா?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றான். அதுவும் பொய்.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தபோது கேட்டில் வேறு ஆள் நின்றிருந்தார். அரவிந்தன் நேரே சுப்பராயன் வீட்டுக்குப் போனான்.

"நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார் சுப்பராயன். "ஏஜென்சிக்குச் சொன்னேன். பாடியில ஏதோ குடோனுக்கு மாத்திட்டாங்க. வேலை போகல, பயப்படாதீங்க."

"அவர் மேல தப்பில்ல. திரும்பக் கூப்பிடச் சொல்லுங்க."

"கேட்டுப் பாக்கறேன்." சுப்பராயன் கொஞ்சம் தயங்கினார். "போட்டோவ எல்லாரும் பாத்தோம் சார். உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு யாரும் பேசல."

அன்று மாலை அரவிந்தன் இரண்டாவது மாடிக்கு மறுபடி போனான். அந்த அம்மா கடைக்குப் போயிருந்தார். சபீனா கதவைத் திறந்து, வாசலிலேயே ஊன்றுகோலில் நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்ங்க" என்றான். "எங்கம்மாவுக்கு ஒண்ணுமில்ல. வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்ல. தூண் இடிக்குதுன்னு நான்தான் அங்க நிறுத்தினேன். உங்க ஸ்கூட்டர போட்டோ எடுத்து குரூப்ல தப்பாப் போட்டதும்…"

"தெரியும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"வீட்டு ஓனர் அந்த போட்டோவ எனக்கு அனுப்பினார். நீங்க இங்க உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தப்பதான் வந்தது. உங்கம்மா முட்டியப் பத்திச் சொல்லி பத்து நிமிஷம்கூட ஆகல."

அவனுக்குக் காது சூடானது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"ஏன் அப்பவே கேக்கல?" என்றான்.

"எங்கம்மா எதிர்ல எப்படிக் கேக்கறது? அவங்க ஒருத்தர வீட்டுக்குள்ள கூப்பிட்டு டீ குடுத்தாங்க. அவர் பொய் சொல்றாருன்னு அவங்களுக்குத் தெரிய வேணாம்னு விட்டுட்டேன். இப்பவும் துவாவுல உங்கம்மாவச் சேத்துக்கிட்டுத்தான் இருக்காங்க." அவள் குரல் உயரவில்லை. "அவங்ககிட்ட நீங்களே சொல்லிக்கங்க. எனக்காக யாரும் எதுவும் செய்ய வேணாம், இடத்தக் காலியா விட்டாப் போதும். ஆனா தங்கராஜ் அண்ணன் எங்க? எனக்காக ஒயரக் கழட்டினதுக்கு அவர மாத்திட்டீங்களாமே."

சபீனாவின் அம்மா கடையிலிருந்து வரும்வரை அரவிந்தன் படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தான். அந்த அம்மா பையோடு லிஃப்டிலிருந்து வெளியே வந்ததும் எழுந்து, எல்லாவற்றையும் சொன்னான். அவர் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப உங்கம்மா நல்லாத்தான் இருக்காங்களா?" என்று கேட்டார். அவன் தலையாட்டினான். "அது போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவன் பெயரைக் கேட்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் குழுவில் எழுதினான். தூணைப் பற்றி எழுதி அழித்தான். மழையைப் பற்றி எழுதி அழித்தான். கடைசியில், நீலக் கட்டத்தை ஏழெட்டு மாதமாக ஆக்கிரமித்தது தான் என்றும், போட்டோவில் இருந்த ஒரே தவறு தன்னுடைய வண்டிதான் என்றும், தங்கராஜ் மேல் சொன்ன புகார் பொய் என்றும் மட்டும் எழுதி அனுப்பினான். யாரோ கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவர், "விடுங்க சார், எல்லாரும் செய்யறதுதான்" என்று எழுதினார். அதைப் படித்தபோது இன்னும் மோசமாக இருந்தது.

சனிக்கிழமை காலை பாடிக்குப் பஸ்ஸில் போனான். மேம்பாலத்துக்குப் பக்கத்துத் தெருவில், பழைய தொழிற்சாலை ஒன்றைக் குடோனாக்கியிருந்தார்கள். தங்கராஜ் கேட்டருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவனைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றார்.

"உக்காருங்க. எழுந்துக்காதீங்க" என்றான். அவரை 'நீங்கள்' என்று அழைப்பது அதுதான் முதல்முறை என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. "நான் பேசினது ரொம்பத் தப்பு. மன்னிச்சிடுங்க."

"அதுக்கின்னா சார். கோவத்துல பேசறதுதான்."

"ஏஜென்சியில பேசிட்டோம். ஒண்ணாந் தேதியிலேர்ந்து திரும்ப அங்கயே வரலாம்னு சொல்லிட்டாங்க."

தங்கராஜ் யோசிப்பவர் போல ரோட்டைப் பார்த்தார். ரயிலில் அம்பத்தூர் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து இங்கே வர வேண்டும். அவருக்கு அலைச்சல் கூடுதல்தான்.

"வர்ல சார்" என்றார். "வயசுல சின்னவங்க நீ, வானு கூப்டறது எனக்குப் பழகிப் போச்சி. ஆனா அன்னிக்கி லாரிக்காரன் பாத்துகினு இருந்தான். எங்க ஊருப் பையன் அவன். ஊட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே விசயம் போயிடுச்சி. எம்மவ கேட்டுச்சி, நைனா, உன்ன இன்னாத்துக்கு அப்டிப் பேசினாங்கன்னு. இன்னா சொல்றது அதுக்கு?"

அரவிந்தன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"வேணும்னா நான் வீட்டுக்கு வந்து உங்க பொண்ணுகிட்ட…"

"வேணாம் சார்" என்றார் தங்கராஜ், சட்டென்று. பிறகு தணிந்து, "அந்தம்மாவுக்கு எடம் கெடச்சிச்சா?" என்று கேட்டார்.

"கெடச்சிருச்சு."

"அது போறும்."

உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வருகிறேன் என்பதுபோல் தலையை அசைத்துவிட்டு நடந்தார். அரவிந்தன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். அவர் திரும்பி வந்தால் இன்னும் ஏதாவது சொல்லலாம் என்று தோன்றியது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் வருவதற்குள், வெயில் ஏறத் தொடங்கிய ரோட்டில் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தான்.