நெமிலிச்சேரியில் நிற்காத வண்டி

1

இந்தக் கதை என் டைரியில் நாலு வரியாக இருந்தது. முதலில் அதை அப்படியே தந்துவிடுகிறேன்.

"ஞாயிறு. ராஜகுமாரி அக்காவின் பொம்மை ரயில். (அ) என்ஜின் முன்விளக்கு எரியவில்லை. வயர் அறுந்திருந்தது, மாற்றினேன். (ஆ) இரண்டாம் பெட்டி விளக்கில் டிரை சால்டர். அதையும் சரிசெய்தேன். பென்சிலால் ஐம்பது தட்டு. அணையவில்லை."

இதில் (அ) அவர் கேட்டது. (ஆ) அவர் கேட்காதது. கதை முழுக்க (ஆ)வில் இருக்கிறது. (அ)வோடு நான் கையைக் கழுவியிருந்தால் எழுத எதுவும் இருந்திருக்காது. வியாழக்கிழமை கதை எழுதும் வகுப்பில் வழக்கம்போல "இந்த வாரமும் எழுதல சார்" என்று சொல்லியிருப்பேன். அதுவே நன்றாக இருந்திருக்கும்.

டிரை சால்டர் என்றால், ஈயம் பற்றியதுபோல் தெரியும், உள்ளே பற்றியிருக்காது. சும்மா இருக்கும்வரை விளக்கு எரியும். லேசாக ஆட்டம் கண்டால் அணைந்து எரியும். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் டச்சப் மேஜையில் வேலை செய்கிறேன். மெஷினில் இருந்து வரும் சர்க்யூட் போர்டுகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, பென்சிலால் தட்டி, இந்த மாதிரிப் பற்றாத ஈயத்தைக் கண்டுபிடித்து மறுபடி பற்றவைப்பதுதான் வேலை. மூன்று வருடமாகிறது.*

* பக்கத்து மேஜை சபீனா சொல்வாள்: "டிரை சால்டரைப் பாத்தா உனுக்குக் கை அரிக்கும்டி. கல்யாணத்துக்குப் போனாகூட மண்டபத்து சீரியல் செட்டைத் தட்டிப் பாத்துகினு நிப்ப." இதைச் சிரிப்புக்காகச் சேர்த்தேன். பிறகு படித்தபோது இதுதான் குற்றச்சாட்டு என்று தெரிந்தது. இருக்கட்டும்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"டில்லிபாபு இறந்து எட்டு மாதம் கழித்து அவருடைய ரயில் பழுதானது." (டில்லிபாபுவை நான் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒருவரை முதல் சொல்லாகக் கூப்பிட்டு அடுத்த சொல்லிலேயே சாகடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.)

"அன்று நல்ல மழை." (மழையே இல்லை.)

"அக்கா, அந்த விளக்கு தானாக நிற்கவில்லை. நான்" (இந்த வரியைப் பதினோரு முறை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்திலேயே நின்றுபோகிறது.)

எழுதுவது பாதி, அடிப்பது பாதி என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். இந்த ஒரு கதையில் நான் எதையும் அடிப்பதாக இல்லை. தப்பான வரி தப்பாகவே கிடக்கும். ஏன் என்பது ஐந்தாம் பகுதியில் தெரியும்.

3

வகுப்பு ஆவடியில், ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். செவ்வாய், வியாழன் மாலை ஆறரை மணி. எடுப்பவர் ஜஸ்டின் சார். பகலில் ஐடி கம்பெனியில் இருக்கிறார். அவர் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். தான் எழுதியதைப் படிப்பவர், படித்து முடித்ததும் "முடிந்தது" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

ராஜகுமாரி அக்கா இரண்டாவது பெஞ்சில், ஃபேனுக்கு நேர் கீழே உட்காருவார். ஆவடியில் இருந்து ரயிலில் கொஞ்ச தூரம், நெமிலிச்சேரியில் வீடு. மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை. முதல் நாளே சாரிடம் சொல்லிவிட்டார்:

"கதைலாம் எனுக்கு வராது சார். எங்க ஊட்டுக்காரரு இன்னா பேசுவாரு, எப்டி துன்னுவாரு, அத்த மட்டும் எழுதிக்கிறேன். பாப்பாக்கு ஏழு வயசு. மறந்துடும்."

டில்லிபாபு பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டியவர். ஒரு நாள் ஷிப்டு நடுவே நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் அக்கா வாரம் இரண்டு பக்கமாகப் படித்துத்தான் எனக்குத் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை ஒயர் கூடையில் அந்த ரயிலைக் கொண்டுவந்தார்.

"அருளு, நீ லைட்டு கம்பெனிதான?"

"லைட்டு கம்பெனி இல்லக்கா. போர்டு."

"இன்னா போர்டோ. இத்தப் பாரு. முன்னாடி லைட்டு பூட்ச்சி. ரெண்டு நாளா பாப்பா மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீது."

பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றின் குமிழ் மேல் ஒன்றாக அழுத்திப் பொருத்திக் கட்டும் ரயில். ஒரு என்ஜின், இரண்டு பெட்டி, ஒரு ரிமோட். கடையில் வாங்கும்போது அதில் விளக்கு கிடையாது. விளக்கு எல்லாம் டில்லிபாபு போட்டது. கண்ணாடிபோல் தெரியும் ஒரு கட்டையில் துளை போட்டு, எல்இடியை உள்ளே செருகி முன்விளக்கு. என்ஜினுக்குள் இருக்கும் பேட்டரியில் இருந்து முடி மாதிரி மெல்லிய வயர்கள் பெட்டிகளின் கூரைக்குள் போகின்றன. துளைகள் ஒவ்வொன்றும் லேத்காரரின் துளைகள், அளவு பிசகவில்லை. சால்டர்தான் மிளகுமிளகாக உருண்டு நின்றது. கம்பெனிக்கு இப்படி ஒரு போர்டு வந்தால் சபீனா எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவாள்.

(நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.)

4

ஞாயிறு காலை, எங்கள் வீட்டுத் தரையில். முன்விளக்கு வேலை பத்து நிமிடம். முடித்ததும் பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்து எல்லாவற்றையும் தட்டினேன். இரண்டாம் பெட்டியைத் தட்டியபோது உள்ளே விளக்கு ஒரு முறை அணைந்து எரிந்தது.

அந்தக் கணத்தை விவரிக்க மூன்று வரி எழுதிப் பார்த்தேன். "என் கை தானாக", "யோசிப்பதற்குள்", "ஏதோ ஒரு". மூன்றும் பொய். யோசித்தேன். சரிசெய்துவிட்டால் அக்கா சந்தோஷப்படுவார் என்றுதான் யோசித்தேன். கூரையைக் கழற்றி, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதிதாக வைத்தேன். பளபளவென்று, சின்ன மேடு மாதிரி, புத்தகத்தில் படம் போடலாம் போல இருந்தது. பழைய ஈயம் டிஷ்யூ தாளில் கரும்புள்ளியாக ஒட்டியிருந்தது. தாளைக் குப்பையில் போட்டேன். திங்கட்கிழமை குப்பை வண்டி வந்தது.

செவ்வாய் வகுப்பில் ரயிலைத் திருப்பிக் கொடுத்தேன்.

"முன்னாடி லைட்டு மட்டும்தான பாத்த?"

"ஆமாக்கா."

ஏன் ஆமாம் என்றேன்? இறந்துபோனவரின் சால்டரில் நொட்டை கண்டுபிடித்தேன் என்று அவர் மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. மரியாதைக்காகச் சொன்ன பொய். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நானே ஒரு நாள் நம்புகிறேன், ஒரு நாள் நம்புவதில்லை.

5

வியாழக்கிழமை அக்கா எழுந்து படித்தார். என் டைரியில் நினைவில் இருந்தவரை குறித்திருக்கிறேன்:

"அவரு லைட்டு போட்ட நாள்ல இருந்து ரெண்டாவது பெட்டில ஒரு கோளாறு. எங்க ஊட்டு வாசப்படிகிட்ட ஒரு டைல்ஸ் தூக்கினு கீது. வண்டி அந்த வளைவுக்கு வந்தா ஒரு குலுக்கு குலுக்கும், லைட்டு அணைஞ்சி எரியும். சரி பண்ணுய்யான்னா பண்ண மாட்டாரு. அணைஞ்சா, 'எறங்கு எறங்கு, நெமிலிச்சேரி வந்துட்ச்சி'ன்னுவாரு. பாப்பா உடனே ரிமோட்ல வண்டிய நிப்பாட்டும். உள்ள ஒரு பொம்ம கீது, மஞ்ச ஹெல்மெட்டு போட்டது. அத்த எறக்கி ஊட்டுக்குள்ள கூட்டினு வரும். அவரு போன பின்னாடியும் தெனம் சாயந்திரம் அதான் ஆட்டம். இந்த செவ்வாக்கெழமையில இருந்து லைட்டு அணையல. அதுபாட்டுக்கு எரியுது. அவரு கெளம்பிட்டாருன்னு நெனச்சிகினேன். எட்டு மாசம் எங்ககூட இருந்துட்டு இப்பதான் கெளம்பிக்கிறாரு. முடிஞ்சிது."

அந்தச் சொல் வந்த பிறகும் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எல்லோரும் பேசாமல் இருந்ததும் நான் பேசாமல் இருந்ததும் ஒன்றல்ல.

மறுநாள் கம்பெனியில், கழித்துப்போட்ட போர்டு ஒன்றில் வேண்டுமென்றே டிரை சால்டர் வைத்துப் பார்த்தேன். மொத்தம் பன்னிரண்டு. ஆறு அணையவே இல்லை. ஐந்து எரியவே இல்லை. ஒன்று மட்டும் அணைந்து எரிந்தது, தட்டாமலே, தன் இஷ்டத்துக்கு. சபீனா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, நல்லா கீறத கெடுத்துகினு கீற?"

"கெடுக்க வரல சபீனா. அதான் பிரச்சினை."

"உனுக்கு லீவு வேணும்டி."

டில்லிபாபுவின் கை நடுங்கியதா, சால்டரிங் அயர்ன் சூடாகவில்லையா, பக்கத்தில் மகள் பேச்சுக் கொடுத்தாளா, எதனால் அந்தத் தப்பு வந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே சாட்சி ஒரு கரும்புள்ளி. அதை நான் குப்பையில் போட்டேன்.

6

(இந்தப் பகுதி இல்லாமலே கதையை முடிக்க முடியும். முடித்தும் பார்த்தேன். எனக்குத் தூக்கம் வரவில்லை.)

அடுத்த ஞாயிறு மத்தியானம் நெமிலிச்சேரிக்குப் போனேன். பையில் சால்டரிங் அயர்ன் இருந்தது. சொல்லிவிடுவது என்று ஒரு முடிவு. சொல்லாமல் ரயிலை வாங்கிக் கெடுத்துவிடுவது என்று இன்னொரு முடிவு. இரண்டையும் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

அக்கா முகம் தெளிவாக இருந்தது. சுவரில் ஒரு வெற்று ஆணி.

"அவரு பேக்கு அதுலதான் தொங்கினு இருந்துச்சி. எடுத்து உள்ள வெச்சிட்டேன். நேத்து எம்மா நேரம் தூங்கினேன் தெரியுமா அருளு? பால்காரன் கதவத் தட்டிதான் முழிச்சேன். எட்டு மாசத்துல மொத தடவ."

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "அக்கா, அந்த விளக்கு தானாக" (பன்னிரண்டாவது முறை.) அவர் டீ போட உள்ளே போய்விட்டார்.

கூடத்தில் பாப்பா ரோஷினி கதவைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு ரயில் விட்டுக்கொண்டிருந்தாள். முன்விளக்கு சுவரில் வட்டமடித்துப் போயிற்று. வண்டி வாசற்படி வளைவுக்கு வந்தது. டைல்ஸ் குலுக்கியது. விளக்கு அசையவில்லை. அவள் ஓட்டத்திலேயே இரண்டாம் பெட்டியின் கூரையை ஒரு விரலால் தட்டினாள். டொக், டொக். வண்டி போய்விட்டது. சுற்றி வந்தது. மறுபடி டொக், டொக்.

"அக்கா, நீ எங்க எறங்கணும்?" என்று என்னைக் கேட்டாள்.

"அம்பத்தூர்ல."

"தூங்கிடாத, இன்னா?"

"ஏன்?"

"எங்கப்பா தூங்கிட்ச்சி. நெமிலிச்சேரில எறங்காம தாண்டி வேப்பம்பட்டு பூடுது. அதான் எழுப்பினு கீறேன்."

டொக், டொக்.

டம்ளரோடு வந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "அதுக்கு எல்லாம் தெரியும் அருளு. போட்டோக்குப் பூ வெக்கிறதே அதுதான். இது வேற அப்பாவாம். டிரெயின்ல வர்ற அப்பா."

என் சால்டர் நல்ல சால்டர். ஐம்பது தட்டுக்கு அசையாதது ஏழு வயதுக் குழந்தையின் விரலுக்கு அசையாது. டீயைக் குடித்துவிட்டு, பையைத் திறக்காமலே கிளம்பினேன். ஸ்டேஷன் நடைமேடையில் நிற்கும்போதுதான் காலில் செருப்பு மாறியிருந்தது தெரிந்தது. ஒன்று என்னுடையது, ஒன்று அக்காவுடையது. (இது கதைக்குத் தேவையில்லை. ஆனால் நடந்தது.)

7

முடிவுகள்.

முதல் முடிவு: சொல்கிறேன். அக்கா, "அட லூசே, இதுக்கா இப்டி உக்காந்துகினு கீற" என்று சிரிக்கிறார். எழுதும்போது சுகமாக இருந்தது. ஆனால் அப்படிச் சிரிக்கும் அக்காவை நான்தான் செய்தேன். உண்மையான அக்காவின் தூக்கம் என்ன ஆகும் என்று இந்த முடிவுக்குத் தெரியவில்லை. கணவர் விடைபெற்றுப் போனார் என்று நினைத்துக்கொண்டிருப்பவரிடம், இல்லை, டச்சப் மேஜைக்காரி ஒருத்தி அவரை உறிஞ்சி எடுத்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும்.

இரண்டாம் முடிவு: சொல்லவில்லை. அக்கா தூங்குகிறார். பாப்பா தட்டுகிறாள். ஒரு சாயந்திரம் வளைவு வரும்போது தட்ட மறந்துவிடுகிறாள். இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

மூன்றாம் முடிவு: பதிமூன்றாவது டிரை சால்டர் சரியாக வந்துவிடுகிறது. ரயிலை வாங்கிப் போய் வைத்துவிடுகிறேன். வளைவில் விளக்கு அணைந்து எரிகிறது, பாப்பா கத்துகிறாள், மஞ்சள் ஹெல்மெட் இறங்குகிறது. எல்லோருக்கும் பிடிக்கக்கூடிய முடிவு. ஆனால் அக்கா மறுபடி அவருடைய பையை எடுத்து ஆணியில் மாட்டுவார். இறங்கியது யார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

8

இன்று புதன். நாளை மாலை இதை வகுப்பில் படிக்கப் போகிறேன். ஜஸ்டின் சாருக்கு நிறைய இடத்தில் கை அரிக்கும். பெய்யாத மழை, தேவையில்லாத செருப்பு, பாதியில் நிற்கும் வரிகள். எதையும் தொட வேண்டாம் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்வேன்.

வாசகரே, இத்தனை நேரம் உங்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள், இனி வருவது இரண்டாவது பெஞ்சுக்கு.

அக்கா, அந்த விளக்கு தானாக நிற்கவில்லை. நான்தான் அது அணைவதை நிறுத்தினேன். அவர் வைத்த ஈயத்தை எடுத்துவிட்டேன். நீங்கள் கேட்டபோது ஆமாம் என்று பொய் சொன்னேன். அதைத் திரும்ப வைக்க எனக்குத் தெரியவில்லை.

"முடிந்தது" என்ற சொல்லை நான் சொல்லப்போவதில்லை, அக்கா. அது உங்களிடம் இருக்கிறது. விதிப்படி, அது வரும்வரை ஒருவரும் பேச மாட்டார்கள். உங்கள் இஷ்டம்போல் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே முக்கால்தான் ஆகியிருக்கும். எனக்கு வண்டிக்கு நேரம் இருக்கிறது.