பதினேழைக் கூட்டினால்

முனிரத்தினம் முதலாளிக்கு எட்டு ஆகாது. கூட்டினால் எட்டு வரும் நம்பர் லாரியில் அவருடைய மாம்பழக் கூழ் ஏறாது. எட்டாம் தேதி துறைமுகத்துக்குச் சரக்கு கிளம்பாது. ஓடுகிற லாரியின் நம்பர் பிளேட்டை, தூசி அடங்குவதற்குள் கூட்டிச் சொல்லிவிடுவார். மற்றபடி தங்கமான மனுஷர். நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் புத்தூர் மாந்தோப்பை விட்டுக் கிளம்பி, சித்தூரில் ஃபாக்டரி போட்டு, ராட்டர்டாம் வரைக்கும் கூழ் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அந்த ஃபாக்டரியின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் காவல் தெய்வம் ரூபா. நாகலாபுரத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகும் கிருஷ்ணப்பாவின் மகள். திருப்பதியில் எம்.சி.ஏ. முடித்துவிட்டு, அங்கேயே ஹாஸ்டலில் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்து போனாள். இரண்டாயிரம் பிறந்த வருஷம் அது. படித்தவர்கள் எல்லாரும் எங்கேயாவது கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

ரூபாவும் கிளம்புவதாகத்தான் இருந்தாள். சிங்கப்பூரில் வேலை கிடைத்திருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி, வெள்ளிக்கிழமை அவர்கள் நேரம் மாலை ஐந்துக்குள் மெயிலில் அனுப்ப வேண்டும். நம் நேரம் மதியம் இரண்டரை. வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். வியாழன் சாயங்காலமே ஆபீஸிலிருந்து அனுப்பிவிட்டாள். முதலாளியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாததால், கம்ப்யூட்டரில் இருந்த நகலையும் அழித்துவிட்டாள். ஸ்கேனைக் கொண்டுவந்த ஃபிளாப்பி, ஃபிளாப்பிகளின் வழக்கப்படி, ஒரு தடவை உழைத்துவிட்டு உயிரை விட்டது; கையெழுத்துப் போட்ட காகிதமோ திருப்பதி ஹாஸ்டலில் இருந்தது. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டு டெலிபோன் லைனும் போய்விட்டது. அவள் கடிதமும் கம்பெனிக் கடிதங்கள் ஐந்தும், மெயில் அனுப்பும் சர்வர் கம்ப்யூட்டரில் வரிசையாகக் காத்திருந்தன.

வெள்ளி காலை முதலாளி சும்மா வந்து சர்வர் முன்னால் உட்கார்ந்து, “இதுக்குள்ள லெட்டருங்க எப்டிமா இருக்குது?” என்று கேட்டார். ரூபா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“பதினேழு ரூம் கட்டிக்கிறேன் சார். ஒவ்வொரு லெட்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. அதைப் பதினேழால வகுத்து மீதி எவ்ளோ வருதோ, அந்த ரூம்ல போய் உக்காரும்.”

முதலாளி முகம் வெளிறிவிட்டது. “பதினேழா? ஒண்ணும் ஏழும் எட்டு! அதான் ஜெத்தா ஆர்டர் நின்னு போச்சு. மாத்துமா, ஒன்பது வெய்யி.”

அதை நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. லினக்ஸில் அந்த மெயில் சர்வரைக் கட்டும்போதே, ஒரு சின்ன ஃபைலில் அறைகளின் எண்ணிக்கையை எழுதி, அதற்கப்புறம்தான் ‘மேக்’ என்று தட்ட வேண்டும். புரோகிராம் உருவானதும் அந்த எண் அதன் எலும்புக்குள் போய்விடும். எண்ணை மாற்ற வேண்டுமானால் மறுபடியும் கட்ட வேண்டும். அதற்கு முன்னால் காத்திருக்கும் கடிதங்கள் எல்லாம் போய் முடிந்திருக்க வேண்டும். ரூபா இதைக் கையேட்டில் இரண்டு தடவை படித்திருந்தாள்.

“லைன் வரட்டும் சார், கியூ காலியானதும் மாத்தறேன்.”

“பத்தரைக்கு ராகு காலம்மா! அதுக்குள்ள முடிச்சுடு.” அவர் பூசாரிக்கே ஆள் அனுப்பிவிட்டார்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ரூபாவுக்கு அவரிடம் அந்த வார்த்தை வராது. எண்ணை ஒன்பதாக்கி மறுபடி கட்டினாள். பத்து இருபத்தைந்துக்கு கம்ப்யூட்டர் பெட்டிக்குக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு லைன் வந்தது. புதுக் கடிதங்கள் ஜம்மென்று போயின. பழைய ஆறு மட்டும் நகரவே இல்லை. அவை பதினேழு அறைக் கணக்கில் உட்கார்ந்திருந்தன, புது சர்வரோ ஒன்பது அறைக் கணக்கில் தேடியது. ரூபா கையேட்டை மறுபடி புரட்டினாள். ஒரு மணி வரைக்கும் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு, முதலாளியிடம் போய் உண்மையில் பாதியைச் சொன்னாள்.

“கம்பெனி லெட்டருங்க மாட்டிக்கினுச்சு சார். திரும்பப் பதினேழு போட்டா எல்லாம் போயிடும்.”

“எட்டுக்கா? தேங்கா உடைச்ச பின்னாடியா? என் உசுரு போனாலும் ஒத்துக்கமாட்டேன். வேற வழியே இல்லியா?”

இருந்தது. ஒவ்வொரு கடிதத்தின் எண்ணையும் ஒன்பதால் வகுத்து, மீதி வரும் அறைக்குக் கையாலேயே நகர்த்த வேண்டும். சர்வரை நிறுத்திவிட்டு ரூபா காகிதத்தை எடுத்தாள். முதலாளி சாப்பிடப் போவார், தன் கடிதத்தை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவரோ நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

முதல் எண் 24103. அவள் வகுக்க ஆரம்பிப்பதற்குள், “ஒண்ணு” என்றார் முதலாளி. வகுத்து முடித்தாள். மீதி ஒன்று.

அடுத்தது 24118. “ஏழு.” மீதி ஏழுதான்.

ரூபா தலையில் அடித்துக்கொண்டாள். இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் வருவதுதானே ஒன்பதால் வகுத்த மீதி! பள்ளிக்கூடத்திலேயே படித்தது. முதலாளி இத்தனை வருஷமாக லாரிகளை ஒன்பதால் வகுத்துக்கொண்டிருந்திருக்கிறார், அவருக்கே தெரியாமல். காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டாள். அவர் சொல்லச் சொல்ல இவள் தட்டினாள். 24129க்கு மட்டும் ஒரு தகராறு.

“ஒன்பது.”

“அப்போ பூஜ்யம் சார். ரூமுங்க பூஜ்யத்துலேர்ந்து எட்டு வரைக்கும்தான்.”

“ஒன்பதுக்கு ரூமே இல்லியா? கடைசி ரூம் எட்டா?” என்று பெட்டியில் வைத்த குங்குமத்தைப் பார்த்தார். பிறகு, பூசையைத் திரும்பச் செய்ய முடியாதென்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஐந்து கடிதங்கள் முடிந்தபோது மணி ஒன்று ஐம்பது. ஆறாவது திரையில் இருந்தது, அனுப்பியவர் பெயரோடு.

“இது உன் பேருமா.”

இனி மறைக்க ஒன்றுமில்லை. “சிங்கப்பூர்ல வேலை சார். இன்னிக்கு ரெண்டரைக்குள்ள இது போவணும்.”

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மின்விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “நைனாவுக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியும் சார். ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறாரு.”

“நம்பர் சொல்லு.”

“24146.”

“ஆறு” என்றார்.

தட்டப் போன விரல் நின்றது. ஓடும் லாரியிலேயே தப்பு விடாதவர். ரூபா மனதுக்குள் கூட்டினாள். பதினேழு. எட்டு. அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆறாம் அறையில் போட்டால் அந்தக் கடிதம் எந்தக் காலத்திலும் போகாது என்பது இப்போது அவருக்கும் தெரியும்.

“எட்டு சார். நான் போறது உங்களுக்குப் புடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க. கணக்குல வெச்சு என்னை ஏமாத்தாதீங்க.”

முதலாளி பதறிப் போனார். “ஐயோ, இல்லம்மா! கடல் தாண்டிப் போற பொண்ணு நீ. உனக்குப் போயி என் வாயால எட்டுன்னு எப்டிச் சொல்றது? அது உனக்கு ஆவாதும்மா.” கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். “நீ எட்டுலயே போடு. நான் பாட்டுக்கு ஆறுன்னு சொல்லிக்கினு இருக்கேன்.”

ரூபாவுக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு எட்டைத் தட்டினாள். பக்கத்தில் முதலாளி கண்ணை மூடிக்கொண்டு ஆறு, ஆறு என்று முணுமுணுத்தார். சர்வரைத் திரும்பக் கிளப்பினாள். மோடம் கீச்சிட்டது. ஒவ்வொன்றாகக் கடிதங்கள் புறப்பட்டன. அவளுடையது இரண்டு பத்துக்குப் போனது.

“போயிடுச்சாம்மா?”

“போயிடுச்சு சார்.”

“எந்த ரூம்லேர்ந்து?”

“ஆறாவது ரூம்லேர்ந்து சார்” என்றாள் ரூபா.