ஊருக்கே கேட்ட மெஷின்

பத்து வருஷமாக மெஷின் வடிவமைக்கிறேன். என் வேலையில் குறை கண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆஸ்பத்திரிக் கூடத்தில், நோயாளிகள் தாங்களே டோக்கன் எடுத்துக்கொள்ளும் மெஷினை நிறுத்திய அன்றும் அந்தக் கர்வத்தோடுதான் நின்றேன். தடவிப் பார்க்க மேடான பொத்தான்கள், சக்கர நாற்காலி நுழைய அடியில் இடம், பார்வையில்லாதவர்களுக்குப் பேசும் குரல் என்று எல்லாமே என் யோசனை.

சோதித்துப் பார்க்க அக்காவை அழைத்து வந்தேன். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் வக்கீல், கோர்ட்டில் எதிர்த்தரப்புக்குத் தண்ணி காட்டுகிறவள். அப்படிப்பட்டவளை ஆஸ்பத்திரிக் கவுண்டரில் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் என்னிடம்தான், “அவங்களுக்கு என்ன?” என்பார்கள்.

அக்கா கீழ்ப் பொத்தானை நாலு முறை அழுத்தினாள். “மூல நோய்ப் பிரிவு! உறுதி செய்ய நடுப் பொத்தானை அழுத்தவும்!” என்று மெஷின் கத்தியது. கூடமே திரும்பிப் பார்த்தது.

“ஏன்டா, பேசாம மைக் செட்டே கட்டியிருக்கலாமே?”

“இந்த இரைச்சல்ல காதுல விழணுமேன்னுதான்க்கா பெரிய ஸ்பீக்கரா போடச் சொன்னேன்.”

“யார் காதுல? என் காதுலயா, ஊர் காதுலயா?” அவள் குரல் தணிந்தது. “முன்ன நான் மாசமா இருந்தப்ப, அதை எனக்குச் சொல்றதுக்கு முன்னாடி கவுண்டர்ல உன்கிட்டதானேடா சொன்னாங்க? உன் மெஷின் ஒரு படி மேல போயிடுச்சு. எனக்கு என்னன்னு யார்கிட்டயும் சொல்லாம ஒரு டாக்டரைப் பார்க்கணும். ஒரே ஒரு தடவை. அதுக்கு வழி பண்ணு.”

எனக்குச் சுருக்கென்றது. அன்று கவுண்டரில் முந்திக்கொண்டு தலையாட்டியவன் நான்தான்.

மூன்று வாரம் நானும் எங்கள் எலக்ட்ரீஷியனும் மெஷினைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்தோம். இயர்போன் செருகும் துளை வைத்து, விரலுக்குத் தட்டுப்பட அதைச் சுற்றி மேடான வளையமும் பதித்தோம். செருகியதும் ஸ்பீக்கர் நின்றுவிடும், திரையும் அணைந்துவிடும். எலக்ட்ரீஷியன் அண்ணன் முணுமுணுத்தார். “திரையை எதுக்கு அணைக்கணும்? அவங்களுக்குத்தான் தெரியாதே.”

“பின்னாடி நிக்கிறவனுக்குத் தெரியுமேண்ணே.”

மெஷினை மறுபடி நிறுத்திய அன்று அக்கா தனியாகவே வந்தாள். “இன்னைக்கு டெஸ்ட் இல்லடா. டாக்டரைப் பார்க்கத்தான் வந்தேன்” என்றாள். எனக்குப் பகீரென்றது. அவள் இயர்போனைச் செருகிப் பொத்தான்களை அழுத்த, நான் வெட்கமில்லாமல் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். திரை இருட்டாக இருந்தது. எண் மட்டும் அச்சடித்த சீட்டு வெளியே வந்தது.

“என்னக்கா உடம்புக்கு?”

“எனக்கும் மெஷினுக்கும் ஆயிரம் இருக்கும். உனக்கென்ன?” சிரித்தபடி சீட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கோலைத் தட்டித் தாழ்வாரத்தில் நடந்து போனாள்.

கவலை இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெருமைதான் எனக்கு நெஞ்சு கொள்ளாமல் இருந்தது.

“அக்காவுக்கு என்னவாம்?” என்று கேட்டார் எலக்ட்ரீஷியன்.

“தெரியாதுண்ணே” என்றேன், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.