நாஷ்டாவுக்கு முன்னாடி

எபினேசருக்கு டாக்டர் சொல்லித் தந்த விதி எளிமையானது. இரவில் போடும் நீண்டநேர இன்சுலினை, காலை நாஷ்டாவுக்கு முன்னால் பார்க்கும் சர்க்கரையை வைத்துத்தான் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். கூட்டினால் கொஞ்சமாக, கூட்டியபின் சில நாள் பொறுக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பாலையில் கிரேன் ஓட்டுகிறவர் எபினேசர். ஆட்கள் தலைக்கு மேல் கம்பிக்கட்டைத் தொங்கவிடுகிறவர் ஒழுங்கில்லாமல் இருந்தால் முடியுமா? சொன்னதைச் சொன்னபடி செய்தார். வினையே அங்கேதான் தொடங்கியது.

அப்போது அவருக்கு நைட் ஷிப்ட். விடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் கவரைப்பேட்டை வீட்டுக்கு வந்து சேருவார். மனைவி ஷைனி இட்லிப் பானையைத் திறப்பதற்குள் விரலைக் குத்திப் பார்ப்பார். சர்க்கரை ஏறியே கிடக்கும். ஊசியைக் கொஞ்சம் கூட்டுவார், பொறுப்பார், மறுபடி கூட்டுவார். விடியும் முன் கேன்டீனில் தின்ற புளிசோறும், மேலுக்குக் குடித்த டீயும் அவர் அகராதியில் சாப்பாடே இல்லை. தட்டில் இட்லி விழுந்தால்தான் நாஷ்டா. பகல் தூக்கத்தில் சர்க்கரை இறங்கிச் சட்டை நனைய வேர்த்தபோதும், பாவம், பழியெல்லாம் மின்விசிறிக்குத்தான் போயிற்று.

பிறகு ஷிப்ட் பகலுக்கு மாறியது. இரவு ஊசி போட்டுப் படுத்தவர், எழுந்த அவசரத்தில் விரலும் குத்தாமல் எதுவும் தின்னாமல் பஸ் ஏறினார். நடுவில் புளிசோறு இல்லை, டீ இல்லை. ஏற்றி வைத்த இன்சுலின் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கம்பிக்கட்டு பாதி உயரத்தில் இருந்தபோது சர்க்கரை இறங்கிவிட்டது. கீழே கொக்கி மாட்டுகிற அந்தோணி, ஷைனியின் தம்பி, இரண்டு ஆளாகத் தெரிந்தான். எந்தப் பட்டன் இறக்கும், எது ஏற்றும் என்பதே மறந்துபோனது. நல்லவேளை, எல்லாவற்றையும் நிறுத்துகிற சிவப்புப் பட்டன் கையில் பட்டது. கட்டு அந்தரத்தில் ஆடி நின்றது. அந்தோணி ஏணியில் ஏறி ஓடி வந்து குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவைத்தான்.

மாலையில் டாக்டரிடம் அவனே அழைத்துப் போனான். ஊசியைக் கூட்டிய நாட்களில் நாஷ்டாவுக்கு முன்னால் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். முந்தின ராத்திரி வீட்டில் என்றார் எபினேசர்.

"மாமா, கேன்டீன்ல துன்ன புளிசோறு?"

"அது இன்னா சாப்பாடா மச்சான்?"

புளிசோற்றில் ஏறிய சர்க்கரைக்குத்தான் ஊசி கூடியிருக்கிறது என்றார் டாக்டர். ஷிப்ட் வேலையா என்று தானே முதலில் கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஊசியை அன்றைக்கே குறைத்தார்.

"கூட்டத்தான் பொறுக்கணும். சர்க்கரை இறங்கிடுச்சுன்னா பொறுக்கக் கூடாது, உடனே குளுக்கோஸ் குடிச்சுட்டு எங்கிட்ட வாங்க."

இனி எந்த ஷிப்டானாலும், ஒன்றும் தின்னாமல் நீண்டநேரம் தூங்கி எழுந்ததும் பார்ப்பதுதான் கணக்கு. அளவு நிலைக்கும்வரை கிரேன் ஓட்டக் கூடாது என்றார். எபினேசருக்கு இந்தக் கடைசி வார்த்தைதான் ஊசியைவிட வலித்தது. ஆனாலும் மறுநாள் சூப்பர்வைசரிடம் மறைக்காமல் சொன்னார். அவரை அந்தோணியோடு கொக்கி மாட்டப் போட்டார்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு கிரேனைக் கீழிருந்து பார்த்தார். மேலே விமல் என்ற இளைஞன். கம்பிக்கட்டு பக்கத்தில் வந்ததும் எபினேசர் ஓரடி பின்வாங்கினார். இத்தனை நாளும் அந்தோணி நின்றது இந்த இடத்தில்தான், அவர் தப்பாகக் கூட்டிய ஊசிக்குக் கீழே. பயந்துபோய் மச்சான் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த கட்டுக்குக் கொக்கி இறங்கியபோது அண்ணாந்து வாயருகே கையைக் குவித்துக் கூப்பிட்டார்.

"விமலு, நாஷ்டா துன்னியா?"

"ஆச்சுண்ணா."

"இன்னா துன்ன?"

அந்தோணி சிரித்தான். எபினேசர் சிரிக்கவில்லை. பதில் வரும்வரை கொக்கியை மாட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.