செரி மரம் நின்ற இடம்

லவன் ஆறு மணிக்கு எழுந்தான். தேநீர் குடித்தான். பின்கதவைத் திறந்து முற்றத்துச் சீமெந்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் சரிவு பிடித்துத் தெருவுக்கு ஓடியது. குடிக்க அங்கே மண் இல்லை. கதவைப் பூட்டிவிட்டு, பொண்டியில் ரயில் ஏறி, பாரிஸ் லா சப்பலில் கணக்குப் பார்க்கும் பலசரக்குக் கடைக்குப் போனான்.

மரக்கறி அடுக்கும் கிங்ஸ்டன் காத்திருந்தான். போன கிழமைதான் வில்லியே லே பெல்லில் வீடு வாங்கியிருந்தான்.

"அண்ணை, உங்கட முற்றத்துக்குச் சீமெந்து போட்டவரின்ரை நம்பரைத் தாங்கோ."

"ஏன்?"

"பின்வளவிலை பெரிய பிளம்ஸ் மரம் ஒண்டு. பழம் விழுந்து ஒரே இலையான் மொய்க்குது. சருகு வேறை. தறிச்சுப்போட்டு உங்கட மாதிரி வழுவழுவெண்டு போட்டா ரெண்டு கார் விடலாம். பிள்ளையின்ரை பிறந்தநாளுக்குப் பந்தலும் போடலாம்."

வீடு வாங்கிய புதிதில் லவனும் இதையேதான் சொன்னான். ஒற்றை அறையில் பல வருடம் இருந்துவிட்டு வீடு வாங்கியவர்களுக்குச் சீமெந்துதான் துப்புரவு. லவனின் தெருவில் நம்மவர் வாங்கிய வீடுகளில் எல்லாம் முதலில் போனது மரம்தான். பிறகு குருவிகள் போயின. கோடையில் சுவர்கள் விடியும்வரை கொதித்தன.

"பகல் முழுக்க இஞ்சை இருக்கிறது நான்தானே, அது நிக்கட்டும்" என்றாள் மனைவி சுபாங்கி. அவள் தாயைப் பார்க்க ஆர்ஜொந்தெய் போன நாளில் அவன் செரி மரத்தைத் தறிப்பித்தான். திரும்பி வந்தவள் சண்டை பிடிக்கவில்லை. மரம் நின்ற இடத்தில் ஒரு கதிரையைப் போட்டாள். எங்கே இருக்கிறாய் என்று அவன் எப்போது கேட்டாலும் "மரத்துக்குக் கீழை" என்பாள். அவன் சிரிப்பான்.

போன ஆடியில், அனல் தாங்காத ஒரு மத்தியானம், அவள் கடைக்குப் போன் எடுத்தாள். குரல் கொஞ்சம் இழுபட்டது. பகிடி விடுகிறாள் என்று நினைத்துப் போனை வைத்தான். மாலையில் வீட்டுக்குப் போனபோது அவள் அந்தக் கதிரையில் சரிந்து கிடந்தாள். பகிடியா, வெயிலில் புத்தி தடுமாறியதா, அவனுக்கு இன்றும் தெரியாது.

"என்னண்ணை, கொமிஷன் எதிர்பாக்கிறியளோ?" என்றான் கிங்ஸ்டன்.

"நம்பர் தரமாட்டன். ஞாயிறிலை நான் வந்து சருகு கூட்டுறன்."

"விசர்க்கதை! பொண்டியிலையிருந்து விளக்குமாத்தோடை ரயில் ஏறப் போறியளோ?"

"ஓம்."

கிங்ஸ்டனின் சிரிப்பு நின்றது. "அக்காவை நினைக்கிறியள் போலை. கடைசியாவும் உங்களைக் கவனமா வரச்சொன்ன மனுசியெல்லே."

செத்தவீட்டில் லவன் எல்லோருக்கும் சொன்னது அது.

"அவ அப்பிடிச் சொல்லேல்லை" என்றான். பிறகு அன்று போனில் அவள் சொன்னதைச் சொன்னான்.

"மரத்துக்குக் கீழைதான் இருக்கிறன். நல்ல குளிர்ச்சியா இருக்கு. நீங்கள் அவசரப்படாமல் ஆறுதலா வாங்கோ."